சிப்பி: ஒரு சொல்லும் மூன்று உயிர்களும்

‘ஒயிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டால் வன்னியில் பலரும் தயங்காமல் ‘முத்துச்சிப்பி’ என்பர். சிலாபத்துறையும் அரிப்பும் முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற கரைகள் என்பதால் அந்த விடை இயல்பாகவே வாயில் வருகிறது. சிலாபத்துறை என்ற பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்பதிலிருந்து வந்ததென்பர். ஆயினும் கட்டுரையிலும் பாடக்குறிப்பிலும் அவ்வாறு எழுதுவது பிழை.

சங்க இலக்கியத்தில் ‘சிப்பி’ என்ற சொல் ‘இப்பி’ என வரும். முதிர்ந்த இப்பியின் முத்தைப் புறநானூற்று 53ஆம் பாடல் பேசுகிறது. பாளியிலும் ‘சிப்பி’ என்ற வடிவம் இருப்பதால் அதனை வடமொழிச் ‘சுக்தி’யோடு இணைப்போர் உளர், தெலுங்கில் ‘சிப்ப’, கன்னடத்தில் ‘சிப்பு’ என வழங்குவதைக் காட்டித் திராவிடச் சொல்லென்போரும் உளர். ஆங்கிலச் சொல்லோ இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. எலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அது உறவு.

நம் வழக்கில் ‘சிப்பி’ இரண்டு ஓடுகளையுடைய உயிர்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர் என்பதே குழப்பத்தின் வேர். மட்டி தன் காலால் சேற்றையோ மணலையோ தோண்டிப் புதைந்து வாழும். முத்துச்சிப்பி நூல்போன்ற இழைகளால் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத்திட்டைப் பற்றியிருக்கும். தேவையானால் அவ்விழைகளை விட்டு இடம் மாறவும் அதனால் இயலும். ஒயிஸ்டர் எனப்படுவதோ இவ்விரண்டிலிருந்தும் வேறான குடும்பம்: நீரில் இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரியும் அதன் குடம்பி (முட்டையிலிருந்து வந்த இளம்பருவ உயிர்), தகுந்த இடம் கண்டதும் தன் இடப்பக்க ஓட்டைச் சீமெந்துபோன்ற சுரப்பால் ஒட்டிவிட்டு, வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்துவிடும். அவற்றுள் பல இனங்கள் முதலில் ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறுவன.

இருந்த இடத்திலேயே அது செய்யும் வேலை பெரிது. செவுள்களிலுள்ள நுண்மயிர்களை அசைத்து நீரை உள்ளிழுத்து, நுண்பாசியை உண்டு, வேண்டாத துகள்களைச் சளியில் பிணைத்து அடியில் விட்டுவிடுகிறது. அமெரிக்கக் கீழைக்கரையின் இனமொன்று, சூழல் வாய்ப்பாக அமைந்தால், நாளொன்றுக்கு 190 லீற்றர் வரை நீரை வடிகட்டும் எனக் கணித்துள்ளனர். நீர் தெளிந்தால் வெயில் அடிவரை இறங்கும், கடற்புல் தழைக்கும். ஓட்டின்மேல் ஓடாக வளர்ந்த திட்டுகள் அலையின் வேகத்தைத் தணிப்பதோடு, இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் ஒதுங்கிடமாகின்றன. குடம்பிகள் விரும்பி ஒட்டுவதும் பழைய ஓடுகளின்மேல்தான். ஆகவே சுண்ணாம்புக்காக ஓடுகளை ஒன்றுவிடாமல் அள்ளினால், அடுத்த தலைமுறைக்கு ஒட்ட இடமில்லாமற் போகும். களப்புக் கரையில் வாழும் நாம் இதை அறிந்திருக்கவேண்டும்.

ஒட்டி வாழ்வதே இதன் தனி இயல்பாதலால் ‘ஒட்டுச்சிப்பி’ என்பதையே நான் தகுந்த சொல்லாகக் கொள்கிறேன். ‘முத்துச்சிப்பி’ பார்களில் குளித்தெடுத்த உயிருக்கும், ‘மட்டி’ சேற்றில் புதைந்திருப்பதற்கும் உரியனவாகவே நிற்கட்டும்.