மேட்டூர் தெர்மல்: எந்தப் புகாருக்கு எந்த ஆபீஸ்?

மேட்டூர் அனல்மின் நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகம். 2024-இல் மின்வாரிய நிறுவனத்தைப் பிரித்தபோது வந்த பெயர் இது. 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று, மொத்தம் 1,440 மெகாவாட். நடத்துவதும் அரசு, சோதிப்பதும் அரசு என்றாலும், சோதிக்கும் அதிகாரிகள் வேறு வேறு துறைக்காரர்கள். அது தெரியாமல் எல்லா மனுவையும் இ.பி. ஆபீசில் கொடுத்தால் வேலை நடக்காது.

பாய்லர் பற்றிய புகார் என்றால் கொதிகலன்கள் இயக்ககம். திருப்பூர் சாயப்பட்டறைக்கும் அரிசி ஆலைக்கும் வருகிற அதே பாய்லர் இன்ஸ்பெக்டர்கள்தான். அவர்கள் தரும் சான்று குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும்; கெடு முடிந்தால் மறு ஆய்வு இல்லாமல் ஓட்டக் கூடாது. 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன்கள் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஜெனரேட்டர், சுவிட்ச்யார்டு (உற்பத்தியான மின்சாரத்தை வெளியே அனுப்பும் பகுதி), மின்கம்பி எல்லாம் மின் ஆய்வுத் துறையின் பொறுப்பு. மின் விபத்தில் உயிர் போனால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் போயாக வேண்டும். ஆனால் மின் ஆய்வுத் துறையும் மின் உற்பத்திக் கழகமும் ஒரே எரிசக்தித் துறையின் கீழ் இருக்கின்றன. எனக்கு இந்த ஏற்பாடு சரியாகப் படவில்லை.

தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். 2024 டிசம்பரில் மேட்டூரில் நிலக்கரி பங்கர் (கரியைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டி) சரிந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். கான்ட்ராக்டில் வேலைக்குப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமை ஒன்று உண்டு. பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இன் (2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளது) 14-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமான பயம் இருந்தால், தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். ஆபத்து ஒன்றுமில்லை என்று நிர்வாகம் நினைத்தால் விஷயம் ஆய்வாளரிடம் போகும், அவர் சொல்வதே முடிவு. வாயால் சொன்னது நிற்காது. இடம், தேதி, நேரம் போட்டு இரண்டு வரி எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல், கரித்தூசி, கழிவுநீர் மூன்றுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். உற்பத்தியாகும் சாம்பல் முழுவதையும் சிமென்ட், செங்கல், சாலை வேலை போன்றவற்றுக்குப் பயன்படுத்த வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. கெடுவுக்குள் பயன்படாமல் தங்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. சாம்பல் லாரி மூடாமல் போனால் புகார் கொடுக்கலாம். வண்டி எண்ணும் போட்டோவும் இருந்தால் தட்டிக்கழிப்பது சிரமம்.

ஆவணம் பார்க்க வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘நிலையம் பாதுகாப்பாக உள்ளதா’ என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘இந்த அலகின் பாய்லர் சான்றின் நகல், கடைசி ஆய்வு அறிக்கையின் நகல்’ என்று பெயர் சொல்லி, அந்தந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கே எழுதுங்கள்.