வாட்ஸ்அப்பில் வந்த திரைப்பதிவை வைத்து டிரெய்லர் செய்ய முடியாது

மறுபடியும் வாட்ஸ்அப்பில்தான் வந்திருக்கிறது. இந்த முறை, இரவு மழையில் ஓடும் பைக் பந்தய கேம். நிறுவி விளையாடிப் பார்த்தேன். சாலையில் தேங்கிய நீரில் முகப்பு விளக்கின் ஒளி உடைந்து சிதறுவதைப் பார்ப்பதற்காகவே காசு கொடுத்து வாங்கலாம். டிரெய்லருக்கென்று அனுப்பியிருக்கும் திரைப்பதிவில் அந்த விளக்கும் இல்லை, நீரும் இல்லை. கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம் நெளிகிறது. கூடவே ஒரு குறிப்பு: "ஃபுல் எச்.டி.தான் சார், எடிட்டிங்கில் 4கே ஆக்கிவிடுங்கள்."

மொபைல் கேம்களுக்கு டிரெய்லர் வெட்டுவது என் தொழில். "ஃபுல் எச்.டி.தான்" என்ற இந்தச் சொல்லைக் கேட்காத மாதம் கிடையாது. ஆகவே ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபுல் எச்.டி. என்பதை 1080 என்றும் சொல்வார்கள். அது படத்தின் உயரத்தில் உள்ள பிக்சல்களின், அதாவது புள்ளிகளின், எண்ணிக்கை மட்டும்தான். அந்தப் பிக்சல்களை விவரிக்க விநாடிக்கு எவ்வளவு தரவு செலவாகிறது என்பது வேறு கணக்கு. அதன் பெயர் பிட்ரேட். படம் தெளிவாக இருப்பதும் குழம்புவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. சுடோகு போன்ற அசையாத திரைக்குக் குறைந்த பிட்ரேட் போதும். முந்தைய ஃபிரேமில் இருந்ததே அடுத்ததிலும் இருக்கும். மழை, புகை, புல்வெளி, வெடிப்பு என்று வந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் புதிது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 60 புதிய படங்கள். தரவு போதாதபோது எதையாவது விட்டுவிட வேண்டும். நுண்ணிய விவரங்கள் முதலில் போகும், பிறகு இருட்டில் இருக்கும் மெல்லிய நிறமாற்றங்கள் போகும். அதாவது, உங்கள் கேமில் எது அழகோ அதுதான் முதலில் சாகும். தெளிவான பதிவு, குழம்பிய பதிவு இரண்டிலும் 1080 என்றே எழுதியிருக்கும்.

"என் போனில் தெளிவாகத்தானே இருக்கிறது?" இருக்கும். ஆறேழு அங்குலத் திரையில் எல்லாமே தெளிவுதான். கணினித் திரையில் முழு அளவில் ஓடவிட்டுப் பாருங்கள்.

சரி, 4கே ஆக்கினால்? தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுவதுபோலத்தான். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, என்னிடமும் இருக்கிறது. இல்லாததை ஊகித்து வரையும் கருவிகள் அவை. முகத்தில் ஓரளவு ஒப்பேற்றும். ஸ்கோர் எண்களிலும் பொத்தான் எழுத்துகளிலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஊகம் மாறுவதால் 8 என்பது 3ஆகி மறுபடியும் 8ஆகும். இதைப் பார்ப்பவர், கேமில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

எளிய சோதனை ஒன்று உண்டு. விநாடிக்கு 20 மெகாபிட்டில் பதிவு செய்தால் ஒரு நிமிடம் சுமார் 150 எம்.பி. வரும். நீங்கள் அனுப்பும் ஒரு நிமிடக் கோப்பு 9 எம்.பி. என்றால் அதை நான் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், எச்.டி. என்பதை அழுத்தினாலும் சுருக்கும். ஆவணமாக இணைத்தால் சுருக்காது. அதைவிட கூகிள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். பதிவு செய்யும் முன், உங்கள் போனின் ரெக்கார்டர் அமைப்புகளில் தரம் எதில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். சில போன்களில் அது தாழ்ந்த நிலையிலேயே வரும்.

முடிந்தால் கேபிள் போட்டுக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஐபோன் என்றால் மேக்கில் குவிக்டைம் பிளேயர் போதும். ஆண்ட்ராய்டுக்கு எஸ்.சி.ஆர்.சி.பி.ஒய். (scrcpy) என்ற இலவச மென்பொருள். அதன் இயல்பான பிட்ரேட் விநாடிக்கு 8 மெகாபிட்தான், உயர்த்திக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் அதில் ஒலியும் வரும். ஏ.டி.பி. (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளையிடும் கருவி) வழியாக ஸ்கிரீன்ரெக்கார்ட் கட்டளையைப் பயன்படுத்தும் புரோகிராமர் நண்பர்களுக்கு: அது இயல்பாக மூன்று நிமிடத்தில் நின்றுவிடும், ஒலியைப் பதிவு செய்யாது. "சத்தம் வரவில்லையே" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒலி என்றதும் நினைவுக்கு வருகிறது. பதிவு செய்யும்போது கேமின் பின்னணி இசையை அணைத்துவிடுங்கள். மோதல், தாவல், நாணயம் விழுவது போன்ற ஒலிகள் மட்டும் இருக்கட்டும். நான் ஐந்து இடத்தில் வெட்டுவேன். இசையும் சேர்ந்து பதிவாகியிருந்தால் ஐந்து இடத்திலும் அது துள்ளும், சுத்தமாகப் பிரித்தெடுக்கவும் முடியாது. இசையைத் தனி வேவ் கோப்பாகத் தாருங்கள். மைக் அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிராகன் தீ உமிழும் காட்சியில் குக்கர் விசில் கேட்ட டிரெய்லர் ஒன்று என் கணினியில் இன்னும் இருக்கிறது.

பதிவுக்கு முன் 'தொந்தரவு செய்யாதே' நிலையைப் போடுங்கள். தயவுசெய்து போடுங்கள். வங்கி ஓ.டி.பி., குடும்பக் குழுச் சண்டை, மருத்துவப் பரிசோதனை முடிவு எல்லாம் திரையின் மேல்விளிம்பில் இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தேவையில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. திரையின் வலது கீழ்மூலையில் கேம் உருவாக்கும் யூனிட்டி மென்பொருளின் 'டெவலப்மென்ட் பில்ட்' (சோதனைப் பதிப்பு) முத்திரை, சோதனை விளம்பரப் பட்டை, 'ஏ.எஸ்.டி.எஃப்.' என்ற வீரர் பெயர், கணக்கில் 99,99,999 நாணயங்கள்: இவற்றையும் துடைத்துவிட்டு வாருங்கள்.

போன் சூடானால் கேம் திக்கும். உறை மாட்டி, சார்ஜ் ஏற்றிக்கொண்டே, ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் பதிவு செய்தால் கடைசி அரை மணி நேரம் குப்பை. ஃபிரேம் இடைவெளி சீரில்லாமல் வருவதை நான் மாற்றிக்கொள்வேன், அது என் வேலை. பதிவாகாமலே போன ஃபிரேமை நான் எங்கிருந்து கொண்டுவருவது? இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக எடுங்கள், நடுவில் போனை ஆறவிடுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தால் நல்லது. ஆப்பிள் ஆப் ஸ்டோர் 30க்கு மேல் ஏற்காது என்றாலும், ஒரு தாவலைப் பாதி வேகத்தில் காட்ட எனக்கு அந்த 60 வேண்டும்.

நெட்டுவாக்கில் ஆடும் கேம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆப்பிள் ஆப் ஸ்டோருக்கான முன்னோட்ட வீடியோவை நெட்டுவாக்கிலேயே தரலாம். ஒன்று 15 முதல் 30 விநாடி, மூன்று வரை ஏற்றலாம். கூகிள் பிளே யூடியூப் இணைப்பைக் கேட்கும், அகலவாக்கில் இருப்பதை விரும்பும். 1080 உயரமுள்ள அகலத் திரையில் 9:16 விகிதத்தில் உள்ள உங்கள் கேம் 607 பிக்சல் அகலமே பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம். அதை நிரப்பப் பின்புலப் படங்கள் வேண்டும், கதாபாத்திரங்களின் ஓவியங்களும் லோகோவும் பின்னணி இல்லாத கோப்புகளாக வேண்டும். அவற்றை வெளியீட்டுக்கு முதல்நாள் இரவு அனுப்ப வேண்டாம்.

கேமில் இல்லாததைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. ஆப்பிளின் விதிப்படி முன்னோட்டத்தில் செயலியின் திரைப்பதிவுதான் இருக்க வேண்டும். எழுத்தும் குரலும் சேர்க்கலாம். 2020இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' என்ற மொபைல் கேம்களின் விளம்பரங்களைத் தடைசெய்தது. கேமின் பெரும்பகுதியோடு தொடர்பில்லாத புதிரை அவை காட்டின என்பதுதான் காரணம். பணம் கொடுத்தாலும் அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

யார் விளையாடுவது என்பதையும் யோசியுங்கள். கேமை உருவாக்கியவர் பெரும்பாலும் பதற்றத்தில் வேகமாக விளையாடுவார். பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. நன்றாக விளையாடத் தெரிந்த, நிதானமான ஒருவரிடம் போனைக் கொடுங்கள். நல்ல தருணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடி தேவையில்லாமல் திரையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டுவதற்கு எனக்கு அந்த இடம் வேண்டும்.

முழுவதையும் பதிவு செய்யும் முன், உங்கள் கேமில் அதிகம் அசைகிற காட்சியைப் பத்தே விநாடி எடுத்து டிரைவில் போட்டு அனுப்புங்கள். அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது.