மணிக்கட்டுச் சுரங்கம்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் என் பெரியம்மா. அவருடைய கிளினிக் கொப்பியில் ‘ஹைப்போதைரொயிடிசம்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘கார்ப்பல் டனல், ஸ்கேன்’ என்று இன்னொரு வரி. “கைக்கு எதற்கு ஸ்கேன்? உள்ளே பிள்ளையா இருக்கிறது?” என்று சிரித்தார். விடியற்காலையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அந்தக் கொப்பிச் சொற்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம்.

‘கார்ப்பல்’ என்பது மணிக்கட்டைக் குறிக்கும் ‘கார்ப்பொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. கிரேக்கத்தில் அதே ஒலியில் இன்னொரு சொல்லும் உண்டு; அதற்குக் கனி என்று பொருள். அந்தச் சொல், ‘பறி’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘கார்ப்பெரெ’வுக்கு உறவு. கொழுந்து பறிப்பவரின் கைநோய்க்கு எவ்வளவு பொருத்தம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. தமிழில் மணிக்கட்டு, மணி கட்டுமிடம். வடமொழியின் ‘மணிபந்தம்’ என்பதற்கும் அதே பொருள்தான்.

‘டனல்’ என்பதைச் சிலர் குகை என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குகைக்கு ஒரு வாய் போதும், இதற்கு இரண்டு வாய். அட்டன் பக்கத்துச் சிங்கமலை ரயில் சுரங்கத்துக்குள் கோச்சியில் போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியிலும் பக்கங்களிலும் எட்டுச் சிற்றெலும்புகள், மேலே தடித்த நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடுநரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பெருவிரல் தொடங்கி மோதிரவிரலின் பாதி வரை உணர்வு தருவது அந்த நரம்பு. சுண்டுவிரல் வேறொரு நரம்பின் பொறுப்பு. அதனால்தான் அது தப்பியது.

ஒரு வேடிக்கை. ‘சுரங்கம்’ வடமொழிச் ‘சுருங்கா’விலிருந்து வந்தது, அதுவும் குழலைக் குறிக்கும் கிரேக்கச் ‘சிரிங்க்ஸ்’ என்பது மொழியறிஞர் பலர் கருத்து. முன்வாசலால் அனுப்பிய கிரேக்கம் பின்வாசலால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனித்தமிழே வேண்டுமென்றால் ‘புழை’ இருக்கிறது. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பழம்பெயர், துளையுள்ள கை. மணிக்கட்டுப் புழை அழகான சொல்தான். ஆனால் நோயாளியிடம் சொல்லிவிட்டுப் பிறகு உரையும் எழுத வேண்டியிருக்கும். என் வாக்கு சுரங்கத்துக்கே.

‘தைரொயிட்’ என்றால் கேடய வடிவானது. 1656இல் தோமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் சுரப்பிக்கு வைத்த பெயர் இது. கேடயச் சுரப்பி என்பது நேர்த் தமிழ். ‘ஹைப்போ’ என்பது கீழ், குறைவு. ஆகவே தைரொயிட் குறைசுரப்பு. “எனக்குத் தைரொயிட் இருக்கிறது” என்று தோட்டத்து லயன் வீடுகளில் சொல்வார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது! சுரப்பு குறையும்போது திசுக்களில் ஒருவகைப் பசைப்பொருள் படிந்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுரங்கத்துக்குள்ளும் அப்படித்தான். எலும்பு விட்டுக்கொடுக்காது, பட்டையும் விட்டுக்கொடுக்காது, நசுங்குவது நரம்பு.

அந்த ஸ்கேனுக்குத் தமிழ்நாட்டில் மீயொலி என்பார்கள். நம் பாடநூல்களில் கழியொலி. ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று நன்னூல் சொல்லும் அதே கழி, மிகுதி என்று பொருள். காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிய ஒலி, திசுக்களில் பட்டுத் திரும்பிப் படமாகிறது, கதிர்வீச்சு கிடையாது. குறுக்காகப் பார்த்தால் நரம்பு தேன்கூடு போலத் தெரியும். நசுங்கிய நரம்பு சுரங்க வாயிலில் வீங்கியும் உள்ளே தட்டையாகவும் இருக்கும். வாயிலில் அதன் குறுக்குப் பரப்பு 10 சதுர மில்லிமீற்றரைத் தாண்டினால் பொதுவாகச் சந்தேகம் வரும். எல்லைக்கோட்டை ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ வைப்பவர்களும் உண்டு. பெரியம்மாவுக்கு 14.

“கொழுந்து பறித்ததால் இல்லையா?” என்று கேட்டார். அதற்கும் பங்கிருக்கலாம், முதலில் தைரொக்சின் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், இரவில் மணிக்கட்டுக்குப் பட்டி கட்டுங்கள் என்றார் டொக்டர். இப்போது கைக்கு என்ன என்று யார் விசாரித்தாலும் பெரியம்மா சொல்வது: “சுரங்கத்தில் தண்ணீர் நிற்கிறது.”