நீதிபதியின் சேம்பரில் ஒரு நாற்காலி: லா கிளார்க் பணி பற்றி வடசென்னை சட்ட மாணவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி, லா கிளார்க் பணிக்கு விண்ணப்பிக்கப் போவதாக வீட்டில் சொன்னாள். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஐந்து வருஷம் வக்கீலுக்குப் படித்துவிட்டுக் குமாஸ்தா வேலைக்கா போகிறாய்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை. பாரிமுனையைச் சுற்றி வாழ்பவர்களுக்குக் குமாஸ்தா என்றால் வக்கீல் அலுவலகத்தில் கட்டு சுமந்து, ஸ்டாம்பு ஒட்டி, வாய்தா தேதியைக் குறித்துவைக்கும் மனிதர்தான். எத்தனையோ ஜூனியர்களுக்கு நீதிமன்ற நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தக் குமாஸ்தாக்கள். ஆனால் லா கிளார்க் பணி வேறு. சட்டம் படித்தவர்கள் மட்டுமே பார்க்கக்கூடியது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஆராய்ச்சியில் உதவுவது.

என்ன உதவி என்பதை ஓர் உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். ஒரு சொத்து வழக்கு இரண்டாம் மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பெயரில் இருக்கும் கிரயப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி, தம்பி 2011-இல் போட்ட வழக்கு. கட்டு 600 பக்கம். லா கிளார்க் அதை முதலிலிருந்து படித்துத் தேதிவாரியாக ஒரு குறிப்பு தயாரிக்க வேண்டும்: பத்திரம் எந்த ஆண்டு பதிவானது, வழக்கு எப்போது தாக்கலானது, விசாரணை நீதிமன்றம் என்ன சொன்னது, முதல் மேல்முறையீட்டில் என்ன ஆனது. படித்துக்கொண்டே போகும்போது 214-ஆம் பக்கத்தில் குறுக்கு விசாரணையில் தம்பி சொன்ன ஒரு வரி கண்ணில் படுகிறது. அந்தப் பத்திரம் பற்றித் தனக்கு 2006-லேயே தெரியும் என்கிறார். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, விவரம் தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அப்படியானால் இந்த வழக்கே காலம் கடந்தது ஆகலாம். லா கிளார்க் அந்தப் பக்க எண்ணைக் குறித்து, தொடர்புடைய முன் தீர்ப்புகளைத் தேடி எடுத்து, நீதிபதியின் மேசையில் வைக்கிறார். முடிவெடுப்பது நீதிபதி. 214-ஆம் பக்கம் தவறாமல் அவர் கண்ணுக்குப் போய்ச் சேர வைப்பது லா கிளார்க்கின் பொறுப்பு.

இதோடு, நீதிமன்றத்தில் உட்கார்ந்து வாதங்களைக் குறிப்பெடுப்பதும் உண்டு. ஒரே ஆண்டில் இத்தனை வழக்குக் கட்டுகளை அடிமுதல் நுனிவரை படிக்கும் வாய்ப்பு வேறு எந்த ஜூனியருக்கும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம். வீட்டில் முதல் வக்கீலாக வருகிறவரைத் தொழிலின் முதல் மூன்று ஆண்டுகள் நசுக்கிவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. நான் அறிந்த ஜூனியர்களில் அதை முழுதாகக் கையில் வாங்குபவர்கள் மிகக் குறைவு. உச்ச நீதிமன்றத்தின் 2025 அறிவிக்கையிலோ லா கிளார்க்குக்கு மாத ஊதியம் 80,000 ரூபாய். டெல்லியில் வாடகை கொடுத்தது போக வீட்டுக்கும் அனுப்பலாம்.

அந்த அறிவிக்கை அநேகமாக ஆண்டின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வரும். 2025-இல் சுமார் 90 பேரைத் தேர்ந்தெடுக்க அழைத்தார்கள். வயது 20 முதல் 32 வரை. சட்டப் பட்டம் பெற்றவர்கள் மட்டுமல்லாமல், ஐந்தாண்டுப் படிப்பில் ஐந்தாம் ஆண்டும் மூன்றாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டும் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பணியில் சேரும் முன் தேர்ச்சிச் சான்று காட்ட வேண்டும். அந்த ஆண்டு கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. முதலில் கொள்குறி வினாத் தேர்வு, பிறகு விரிவாக எழுதும் தேர்வு, கடைசியில் நேர்முகம். எழுத்துத் தேர்வுக்குச் சென்னையிலும் மையம் உண்டு. பணி முதலில் ஓராண்டுக்குத்தான்.

விரிவாக எழுதும் தேர்வில்தான் நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஒரு வழக்கின் விவரத்தைக் கொடுத்துச் சுருக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள், அதுவும் ஆங்கிலத்தில். இதற்குக் காசு கொடுத்துப் பயிற்சி நிலையத்துக்கு ஓட வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. தமிழில் ஒரு முறை படித்து விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலத்தில் படித்துவிட்டு, மூடி வைத்து, ஒரே பக்கத்தில் ஆங்கிலத்திலேயே எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். ஆறு மாதத்தில் கை பழகிவிடும். சென்னை அரசு சட்டக் கல்லூரி ஊருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்ட பிறகு ரயிலிலும் பஸ்சிலும் கழியும் நேரத்தைப் படிக்கப் பயன்படுத்தலாம்.

டெல்லி வேண்டாம், வீட்டை விட்டுப் போக முடியாது என்பவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்த நிறுத்தம். சென்னைக்கும் மதுரைக் கிளைக்கும் ஆராய்ச்சிச் சட்ட உதவியாளர் என்ற பெயரில் அவ்வப்போது ஆள் எடுக்கிறார்கள். ஊதியம் உச்ச நீதிமன்றத்தைவிடக் குறைவு; ஆனால் வாடகைச் செலவு இல்லை. அறிவிக்கை உயர் நீதிமன்ற இணையதளத்தில் வரும். பெயரில் கிளார்க் என்ற சொல் இருக்காது என்பதால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இது ஒப்பந்தப் பணி. நிரந்தர அரசு வேலையாக மாறும் என்று நம்பிச் சேரக் கூடாது. அடுத்தது, முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்திருந்தால், பணியில் சேரும்போது மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பதிவுக்கே பல ஆயிரம் வாங்கிய காலம் போய்விட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 30-ஆம் தேதித் தீர்ப்பின்படி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தவிர இதற்கு மேல் யாராவது கேட்டால் தீர்ப்பைக் காட்டுங்கள்.

தொழிலை நிறுத்திவைத்தால் நீதிபதித் தேர்வுக்கான அனுபவம் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. சிவில் நீதிபதி தேர்வெழுத 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லா கிளார்க்காகப் பணியாற்றிய காலமும் அந்த அனுபவத்தில் சேரும் என்பதை அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

அதனால் பணி முடிந்து வெளியே வரும்போது, சேர்ந்த தேதியும் விடுவிக்கப்பட்ட தேதியும் தெளிவாக உள்ள அனுபவச் சான்றிதழை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பமும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு, இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டு, நிறுத்திவைத்த பதிவைத் திரும்பப் பெற பார் கவுன்சிலில் மனு கொடுங்கள்.