கரண்ட் வைப்பதற்கு முன்னால்

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் பெயர். வாய்ப்புற்றுக்கு அறுவை முடிந்து, அடுத்து கரண்ட் வைக்க வேண்டும் என்றதும் என் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "ஷாக் அடிக்குமா?"

அடிக்காது. எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டுவதோடு மின்சாரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அவை டங்ஸ்டன் தகட்டில் மோதி எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. எலும்பு முறிந்தால் படம் எடுக்கிறோமே, அதே இனம். ஆற்றல் பல மடங்கு. இந்தக் கதிர் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் பக்கத்திலிருக்கும் டி.என்.ஏ.வை அறுக்கின்றன. முறுக்கிய இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால் செல்லால் சரிவர ஒட்டுப்போட முடியாது. உடனே சாகாமல், இரண்டாகப் பிரிய முயலும்போது விழும்.

நல்ல செல்லும் அடிபடும். ஆனால் பழுது பார்ப்பதில் அது கெட்டி. அதனால்தான் பெரியம்மாவுக்கு 60 கிரேயை (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) ஒரே நாளில் கொடுக்காமல், நாளுக்கு 2 கிரே வீதம், வாரம் 5 நாளாக ஆறு வாரத்துக்குப் பிரித்தார்கள். இடையில் நாட்களை விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும். குணமாகும் வாய்ப்பு குறையும். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஆறு வாரம் என்பது ஒரு பட்டத்தின் மொத்தக் கூலி. பாதியில் நின்றுவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

முகமூடி செய்த அன்று நானும் கூட இருந்தேன். சல்லடை போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் போட்டார்கள். ஈரத்துணி போலத் துவண்டது. அவர் முகத்தின்மேல் இழுத்து அழுத்திய சில நிமிடங்களில் மூக்கும் தாடையும் அச்சாகப் பதிந்து இறுகிவிட்டது. தலை அசைந்தால் குறி தவறும் என்பதால், தினமும் அதை மாட்டி மேஜையோடு பூட்டினார்கள். இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் அவர் படுத்திருந்ததை அங்கேதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்தப் பையில் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, புகையிலை. புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று நம் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். போதாது. பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. அறிகுறிகளும் கண்ணுக்குத் தெரிபவைதான்: வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்திட்டு, மூன்று விரல் நுழையாத வாய், காரம் பட்டால் எரிச்சல். ரசத்தில் காரம் கூடிவிட்டதென்று பெரியம்மா இரண்டு வருடம் மருமகளைக் கடிந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்து பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோய் இதைவிடவும் அவகாசம் தருகிறது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். 9 முதல் 14 வயதுக்குள் போடும் தடுப்பூசி தொற்றையே தடுக்கிறது. 30 வயதைக் கடந்த பெண்களைப் பரிசோதிக்க, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு போதும். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். கருப்பை வாயில் ஒற்றி எடுத்து ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறான செல்களின் புரதம் திரண்டு அந்த இடம் வெளுத்துத் தெரியும். அதை உறையவைத்தோ சூடுவைத்தோ புற்றாகும் முன்பே அழித்துவிடலாம்.

மருமகளுக்கு 34 வயது. போன மாதம் இந்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரைக் கூட்டிப்போனது பெரியம்மாதான். சீட்டு வாங்கியதிலிருந்து வீடு திரும்பும்வரை அரை நாள் ஆனது.