குட்டிக்குப் பாலை ஊற்றிவிடாதீர்கள்

போன மார்கழியில் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆச்சி, சாக்கில் சுற்றிய கன்னி ஆட்டுக் குட்டியோடு வந்தார். குட்டி பிறந்து நான்கு நாள். தாய்க்கு மடிநோய் கண்டு, காய்ச்சலில் படுத்துவிட்டது. குட்டிகளை ஊட்டவிடாமல் உதைத்தது. இரட்டைக் குட்டியில் ஒன்று விடியும் முன்பே போய்விட்டதாம். "பட்டினி போடல சார். பாலாடையில மணிக்கொரு தடவ ஊத்திட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் கரகரவென்று சத்தம். மூக்கோரம் பால் நுரை. பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. ஊசி போட்டுப் பார்த்தேன், இரண்டாம் நாள் அதுவும் இறந்துவிட்டது. ஆச்சியிடம் பாலுக்கும் குறைவில்லை, பாசத்துக்கும் குறைவில்லை. என் அனுபவத்தில் புட்டிப்பால் குட்டிகள் பசியால் சாவதைவிட இப்படிச் சாவதுதான் அதிகம்.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பிறந்த குட்டிக்கு அதில் வேலை செய்வது நான்காவது அறை மட்டும்தான். முதல் அறை, அதாவது பெரியவயிறு, தழை தின்னப் பழகிய பிறகுதான் வளரும். குட்டி கழுத்தை நீட்டி, மடியை முட்டி, காம்பை உறிஞ்சும்போது உணவுக்குழாய் முடிகிற இடத்தில் ஒரு மடிப்பு குழாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும். பால் அதன் வழியாக நேரே நான்காவது அறைக்குப் போய்விடும். உறிஞ்சாத வாயில் ஊற்றினால் அந்த மடிப்பு சரியாக மூடாது. பால் பெரியவயிற்றில் தேங்கிப் புளித்து, வயிறு உப்பி, கழிச்சல் வரும். குட்டி விழுங்கும் வேகத்தைவிட நாம் ஊற்றும் வேகம் கூடிவிட்டால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய்விடும்.

அதனால் பாலாடை, சங்கு, மூங்கில் குழாய், ஊசி கழற்றிய சிரிஞ்சு எதுவும் வேண்டாம். மெடிக்கலில் கிடைக்கும் குழந்தைப் புட்டியும் நிப்பிளுமே போதும். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் ஓட்டை பெரிது, நிப்பிளை மாற்றுங்கள். சீக்கிரம் குடிக்கட்டும் என்று கத்தரிக்கோலால் ஓட்டையைப் பெரிதாக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

குட்டி நின்றபடி குடிக்க வேண்டும். கைக்குழந்தை போல மடியில் மல்லாக்கப் போட்டுக் கொடுப்பது போட்டோவுக்கு அழகு, குட்டிக்கு ஆபத்து. புட்டியைத் தாய் மடி இருக்கும் உயரத்தில் பிடியுங்கள். தலை லேசாக நிமிரலாம், ஆனால் மூக்கு கண்ணைவிட மேலே போகக் கூடாது. முதல் இரண்டு மூன்று வேளை ரப்பரைத் துப்பத்தான் செய்யும். நிப்பிளில் இரண்டு சொட்டுப் பாலைத் தடவி, ஒரு கையால் குட்டியின் கண்ணை மறைத்துப் பாருங்கள். தாயின் வயிற்றடியில் இருக்கிற இருட்டு அது. வாலடியை விரலால் லேசாகச் சொறிந்துவிடுங்கள். குட்டி ஊட்டும்போது தாய் நக்கிக்கொடுக்கும் இடம் அதுதான். பெரும்பாலான குட்டிகள் அதோடு உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

புட்டியை நீட்டும் முன் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. ஆட்டின் உடல் சூடு நம்மைவிட அதிகம், 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். அது 100க்குக் கீழே இறங்கிய குட்டிக்குப் பாலைச் செரிக்கும் தெம்பு இருக்காது. உலர்ந்த சாக்கில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் பால். சூடேறியும் உறிஞ்சத் தெம்பில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கி வாருங்கள். குழாய் விட்டு நேரே வயிற்றுக்குள் கொடுக்க முடியும்.

தாய் குட்டி போட்ட அன்றைக்கே படுத்துவிட்டால் முதல் கவலை சீம்பால். ஆட்டுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. அதை உள்ளிழுக்கும் திறனும் குட்டியின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் முடிந்துவிடும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி வேண்டும், அதில் பாதி முதல் 6 மணி நேரத்துக்குள். அன்றைக்கே குட்டி போட்ட வேறு ஆடு இருந்தால் அதன் சீம்பாலைக் கறந்து கொடுங்கள். கிடைக்காவிட்டால் மாட்டுச் சீம்பாலாவது கொடுங்கள். நிறைய ஆடு வைத்திருப்பவர்கள், நல்ல ஆட்டின் சீம்பாலைச் சின்ன பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்குங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள். நாம் சீம்பாலை வேகவைத்துக் கட்டியாக்கிச் சாப்பிடுகிறோம் இல்லையா? அப்படிக் கட்டியாகும் புரதங்களில்தான் குட்டிக்கு வேண்டிய எதிர்ப்புச் சக்தியும் இருக்கிறது.

அப்புறம் சாதாரணப் பால். ஆட்டுப்பால் இல்லையென்றால் பசும்பால் போதும். "கனமான பால், செரிக்காது" என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறார்கள். அது குட்டியை அரைப் பட்டினி போடுவதுதான். சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்க்க வேண்டாம். 2 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லி. அதை நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து, குட்டியின் உடல் சூட்டுக்குக் கொடுங்கள். எடை கூடக் கூட அளவையும் கூட்டுங்கள். புட்டி காலியான பிறகும் கத்துகிறதே என்று இன்னொன்று நிரப்பாதீர்கள். கொஞ்சம் பசி மிச்சமிருக்கும் குட்டிக்குக் கழிச்சல் குறைவு. கழிச்சல் கண்டால் ஓஆர்எஸ் கரைசலைப் பாலில் கலக்காமல் இரண்டு வேளைக்கு நடுவில் தனியாகக் கொடுத்து, அன்றைக்கே காட்டிவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் புட்டியை வெந்நீரில் கழுவ வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

தாயை மறந்துவிடக் கூடாது. பால் திரிதிரியாகவோ, தண்ணீராகவோ, ரத்தம் கலந்தோ வந்தால் மடிநோய். மடி நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ கால்நடை ஆம்புலன்சின் 1962 எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள். நோய்ப்பட்ட காம்பின் பால் குட்டிக்கு ஆகாது. ஒரு காம்புதான் கெட்டிருக்கிறது என்றால் மற்றதில் ஊட்டவிடலாமா என்று மருந்து எழுதிய மருத்துவரிடமே கேளுங்கள். ஆட்டுக்கொல்லி போன்ற தொற்று என்று சந்தேகம் வந்தால் மட்டும் குட்டியைத் தனியே பிரியுங்கள். மற்றபடி இடையில் ஒரு தட்டி வைத்து, தாய் முகர்ந்து பார்க்கும்படியே கட்டுங்கள். பத்து நாள் வாசனை விட்டுப்போனால், குணமான பிறகு தாயே தன் குட்டியை முட்டித் தள்ளும்.

இரண்டு வாரத்தில் குட்டி தழை கடிக்கத் தொடங்கும். அகத்தி, வேலிமசால் எது கிடைத்தாலும் குட்டியின் வாய்க்கெட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பகலில் மற்றக் குட்டிகளோடு விடுங்கள். புட்டியில் வளர்ந்த குட்டி உங்கள் பின்னாலேயே அடுப்படி வரைக்கும் வரும், மந்தையோடு மேயப் போகாது. பால் நிறுத்தும் மூன்றாம் மாதத்தில்தான் அந்தச் செல்லத்தின் சிரமம் தெரியும்.