கட்டத்தில் காய் எண்ணினால் போதாது: ராணுவத்தின் ‘கோர்’ எப்படி இயங்குகிறது?

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியிருந்தார்கள். பாலத்தைத் தாண்டினால் போர் நினைவுச் சின்னம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குச் ‘சதுரங்கம்’ என்ற சொல்தான் நினைவுக்கு வரும். சதுர் அங்கம்: தேர், யானை, குதிரை, காலாள். நான்கு உறுப்பும் சேர்ந்திருந்தால்தான் அது படை. இன்றைய ராணுவத்தின் ‘கோர்’ அமைப்பும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

செய்தித்தாள்களில் ‘கார்ப்ஸ்’ என்று எழுதுவார்கள். ராணுவத்தில் சொல்வது ‘கோர்’. ஒரு பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட்டோடு பீரங்கிப் படையும் சேர்ந்தால் டிவிஷன். இரண்டு முதல் நான்கு டிவிஷன்கள் ஒரு லெப்டினன்ட் ஜெனரலின் கீழ் வந்தால் கோர். இந்தியாவில் 33-ஆவது கோர் உண்டு என்பதால் 33 கோர்கள் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது, இருப்பவை ஏறத்தாழ 14. லே, ஸ்ரீநகர், தேஜ்பூர் என்று பெரும்பாலும் எல்லையை ஒட்டியவை. சென்னையில் கோர் தலைமையகம் கிடையாது. பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள், ஆவடியில் டாங்கிகள் தயாராகின்றன.

இந்த அமைப்பைப் போர்க்களத்தில் நிலைநாட்டியவர் நெப்போலியன். 1805-இல் அவர் தன் பெரும்படையை ஏழு கோர்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் காலாள், குதிரை, பீரங்கி மூன்றும் இருந்தன. ஒரே சாலையில் அத்தனை பேரும் நடந்தால் வழியில் சோறு கிடைக்காது. ஆகவே தனித்தனிச் சாலைகளில் போனார்கள். எதிரி ஒரு கோரை மட்டும் மடக்கினாலும், மற்றவை வந்து சேரும்வரை அது தனியாகத் தாக்குப்பிடிக்கும். அந்த அக்டோபரில் உல்ம் நகரில் ஆஸ்திரியப் படை சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தது.

கோரின் உயிர் அதன் துணைப்படைகளில் இருக்கிறது என்பதை 1971 வங்கதேசப் போர் இன்னும் தெளிவாகக் காட்டியது. ஜெனரல் சகத் சிங் தலைமையில் 4-ஆவது கோர் கிழக்கிலிருந்து டாக்காவை நோக்கி முன்னேறியது. குறுக்கே மேக்னா ஆறு. ஆஷுகஞ்சில் இருந்த ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. மூன்று டிவிஷன் கையில் இருந்தும், ஆற்றைக் கடக்க வழியில்லாவிட்டால் அத்தனையும் கரையோடு நின்றுவிடும். டிசம்பர் 9 முதல் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்கள் வீரர்களைத் தவணை தவணையாக அக்கரையில் இறக்கின. உள்ளூர் மக்களின் படகுகளும் கைகொடுத்தன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதனால்தான் ‘அவர்களிடம் இத்தனை, நம்மிடம் இத்தனை’ என்ற தொலைக்காட்சி ஒப்பீடு எனக்கு ஒப்புவதில்லை. 2017 சீர்திருத்தத்தில் சீனா 13 படைத்தொகுதிகளை வைத்துக்கொண்டது. கோருக்கு இணையான அவற்றில் டிவிஷன் என்ற நடுப்படியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, பிரிகேடுகளை நேரடியாகத் தலைமையகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவிலோ கோர் என்பது முதன்மையாக ஒரு தலைமையகம். வேலைக்குத் தக்கபடி டிவிஷன்களை அதன் கீழ் சேர்ப்பார்கள். பெயர் ஒன்றானாலும் உள்ளடக்கம் வேறு. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஒரு நாளைக்கு எத்தனை டன் குண்டும் டீசலும் முன்னணிக்குப் போய்ச் சேரும்? டிரோன்களைத் தடுக்க என்ன இருக்கிறது? ஆறு குறுக்கிட்டால் பாலம் போட யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கான விடை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை 1780-இல் தொடங்கியது. இன்று அதன் மையம் பெங்களூரு. அதன் வீரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். பாலத்தை முதுகில் சுமந்துபோய் விரிக்கும் டாங்கி ஒன்றும் ஆவடியில் உருவானது. அதற்குச் சுடும் பீரங்கி இல்லை. டாங்கி எண்ணிக்கையை ஒப்பிடுபவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.